இரண்டு பூச்சு வெள்ளை

முதல் நாள் ஓவிய அறைக்குள் நுழைந்ததும் பெயின்டர் கேட்ட கேள்வி இதுதான்: "உப்புத்தாள் இருக்குங்களா?"

"எதுக்குங்க?" என்றார் மேடம்.

"தேய்க்கத்தான். முதல் பூச்சைத் தேய்க்காம அடுத்ததை அடிச்சா நிக்காதுங்க."

அது மருத்துவமனையின் இரண்டாம் மாடி. மனதில் ஒன்று அடைத்துக்கொண்டு, அது வாய்க்கு வராமல் தவிப்பவர்கள் வாரம் ஒரு நாள் காலையில் அங்கே கூடுவார்கள். மனநல ஆலோசகரான மேடம் அவர்களுக்கு மருந்தாகத் தாளும் தூரிகையும் கொடுப்பார். பெயின்டரை அங்கே தள்ளிவிட்டது அவர் மனைவி.

இருபத்தைந்து வருடம் சுவருக்கு வண்ணம் அடித்த மனிதர். தாளைக் கண்டாலும் அவருக்குச் சுவராகத்தான் தெரிந்தது. மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரியாமல் வெள்ளை அடித்தார். காயவைத்து, இல்லாத உப்புத்தாளுக்குப் பதில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இரண்டாவது பூச்சு அடித்தார். கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே.

பக்கத்து மேசையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். பக்கவாதம் வந்து போனதில் அவர் வலது கைக்கு நடுக்கம் நின்றபாடில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"வெள்ளைத் தாளுக்கே வெள்ளை அடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். வீட்டுல பாலுக்கும் ஒரு பூச்சு அடிப்பீங்களா?"

"அடிப்பூச்சு சரியா இருக்கணும் டீச்சர்."

"சரி, கலர் என்னிக்கு?"

"சுவர் தயாரானதும்."

டீச்சர் மேடத்தைப் பார்த்தார். "அது அவரோட சுவர். எப்ப தயாராகும்னு அவருக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவசரப்படுத்தாமல் இருப்பதும் ஒரு தர்மம்தான்.

பெயின்டரின் மனதை அடைத்திருந்தது ஒரு வாளி. மனைவியின் அண்ணனும் அவரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறவர்கள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் மச்சான் ஏணி மேலே நின்றார், இவர் கீழே பிடித்திருந்தார். இவர் கால் பட்டு வண்ண வாளி சாய்ந்தது. பல வருடப் பழக்கம், சட்டென்று இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துவிட்டார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மச்சான் விழுந்தார்.

ஆண்டவன் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றுமில்லை, ஒரு கால் மட்டும் லேசாக விந்துகிறது. ஆனால் அன்றிலிருந்து பெயின்டர் ஏணியைத் தொடவில்லை. மச்சான் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. "அண்ணன் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

நான்காவது வாரம் ஓவிய அறையில் தாள் ஒட்டுகிற டேப் தீர்ந்துபோயிருந்தது. ஆண்டவன் இந்த மாதிரி சில்லறைக் காரியங்களில்தான் கை வைக்கிறான். டீச்சரின் கை நடுங்க, தாளும் கூடவே நகர்ந்தது.

"பெயின்டர், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்களேன்."

"வேணாம் டீச்சர். நான் பிடிச்சா நிக்காது."

"தாள்தானே? விழுந்தா எடுத்துக்கலாம்."

அவர் தயங்கித் தயங்கி இரண்டு கையாலும் பிடித்தார். டீச்சர் நீல வண்ணத்தில் ஒரு பறவையைத் தொடங்கினார். இறக்கை பாதி வந்தபோது முழங்கை பட்டு, தூரிகை கழுவும் நீலத் தண்ணீர்க் கோப்பை உருண்டது. அது நேரே பக்கத்து மேசையில் பெயின்டரின் தாளில் போய்க் கவிழ்ந்தது. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கையை எடுக்கவில்லை.

"அடடா, உங்க சுவரு போச்சே."

"போகட்டும். நீங்க இறக்கையை முடிங்க."

பறவை முடிந்ததும் தன் இடத்துக்கு வந்தார். வெள்ளை மேல் நீலம் வானம் போலப் பரவியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, மெல்லிய தூரிகை எடுத்து ஓர் ஏணி வரைந்தார். அதன் அடியில் இரண்டு கைகள்.

மேடம் வந்து நின்றார்.

"வாளியைப் பிடிச்சேங்க" என்றார் பெயின்டர். "ஆளை விட்டுட்டேன்."

மேடம் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, அவர் சொல்லி முடித்து அழுது ஓயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். டீச்சர் தன் கைக்குட்டையை மேசை வழியே தள்ளிவிட்டார்.

அன்று மாலையே பெயின்டர், சுருட்டிய தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க மாப்ளே. வழி தெரிஞ்சுதா?"

பெயின்டர் தாளை நீட்டினார். மச்சான் விளக்கடியில் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"ஏணி இருக்கு, கை இருக்கு. ஆளைக் காணோமே?"

"ஆளு... பத்திரமா இறங்கிட்டாரு மச்சான்."

மச்சான் தாளை ஓரமாக வைத்தார். "விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல மாப்ளே. ஆறு மாசம் வராம இருந்தீங்களே, அதுக்குத்தான்." பிறகு விந்தி விந்திப் போய் ஒரு முக்காலியும் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். "இதை மாட்டணும்."

"நான் ஏறுறேன்."

"என் வீட்டுச் சுவரு, நான்தான் அடிப்பேன். நீங்க பிடிங்க."

மச்சான் ஏறினார். பெயின்டர் குனிந்து முக்காலியின் கால்களை இறுகப் பற்றினார். மச்சானின் மனைவி டீயோடு வந்து நீட்டினாள்.

"அங்க வச்சிடுங்கக்கா" என்றார் பெயின்டர், நிமிராமலே. "கை காலியில்ல."