கடைசி ஒன்பது தோட்டாக்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு குடைமிளகாய்ச் செடியின் அடியில். போன ஜூலையில் பக்கத்து வீட்டு மிலோய்காவின் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். காய்ப் பாரத்தில் சாய்ந்த ஒரு குடைமிளகாய்ச் செடிக்கு அவள் முட்டுக் கொடுத்திருந்தாள். முட்டு மரக்கம்பு இல்லை. ஒன்றரை முழ நீளத்தில், கறுப்பாக, இரும்பு.

"இது என்னடி?"

"என் துப்பாக்கியோட பழைய குழல். புதுசு மாத்தியாச்சு. இது சும்மாதானே கெடக்குது."

செடியைக் கட்டி முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு தோட்டா போயிருக்கு இதுல. கடைசி ஒம்பதத் தவிர மத்ததெல்லாம் நல்லாத்தான் போச்சு."

நான் பேசாமல் தக்காளியைப் பறித்திருக்க வேண்டும். எழுதிப் பழகிய காதுக்கு அந்தத் 'தவிர' போதுமாக இருந்தது.

2

முதல் தொடக்கம்:

*கரும்பள்ளத்தின் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மார்ச் காலையில், மிலோய்கா*

இல்லை. பனி கொட்டவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, காற்றும் இல்லை. வானிலைமேல் பழிபோட வழியில்லாத நாள் அது. அதனால்தான் எனக்குப் பனி தேவைப்பட்டது.

இரண்டாவது தொடக்கம்:

*மிலோய்கா இரக்கமுள்ளவள்.*

இதைப் படித்துக் காட்டினால் வாணலியால் அடிப்பாள். ஆனால் பொய் இல்லை, ஆகவே வேறு வார்த்தைகளில் சொல்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளத்தாக்கின் மலையாடுகளுக்குச் சொறி வந்தது. தோலுக்குள் பூச்சி குடைந்து, மயிர் கொட்டி, பொருக்குக் கட்டி, கடைசியில் வாயைத் திறக்கவும் முடியாமல் நின்ற நிலையிலேயே பட்டினி கிடந்து சாகும். அதற்கு ஆறு வாரம்கூட ஆகும். வேட்டைச் சங்கத்தில் முப்பத்தோரு பேர். நோய் கண்டதைச் சுட்டுவிட வேண்டும் என்று முடிவானபோது எல்லோரும் மிலோய்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பால்பண்ணையில் பாலாடைக்கட்டி உருட்டுகிறவள், ஐம்பத்தெட்டு வயது, கணவன் இறந்து ஆறு வருடம். நானூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆட்டை ஒரே தோட்டாவில், அதற்குத் தெரியாமலே விழுத்தக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு குளிர்காலம். அறுபத்தேழு ஆடுகள். அறுபத்தேழு தோட்டா. (மீதித் தோட்டாக்கள் பயிற்சியில் போனவை. அந்த அறுபத்தேழும் அப்படி விழ வேண்டுமென்றால் வாரா வாரம் குறி வரைந்த தாளில் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழலைத் தின்றது அந்தப் பயிற்சிதான்.)

3

குழல் எப்படிச் சாகிறது என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சுருக்கமாகத்தான்.

தோட்டா வெடிக்கும்போது எழும் நெருப்பு, குழலின் தொடக்கத்தில் ஒரு விரல் நீளத்தை ஒவ்வொரு முறையும் நக்கிவிட்டுப் போகிறது. குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுருள் வரிகள் அங்கேதான் தொடங்குகின்றன. ஆயிரம் முறை நக்கியபின் அந்த இரும்பு கோடையில் வறண்ட ஏரிமண் மாதிரி வெடித்துக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று எண்ணெய் மின்னும்.

பிப்ரவரியில், துப்பாக்கி பழுதுபார்க்கும் வென்செஸ்லாவ் தன் பட்டறையில் நூல்போன்ற கேமராவைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"செத்துப்போச்சு மிலோய்கா."

"போய்யா. நூறு மீட்டர்ல இன்னும் மூணு குண்டும் ஒரே ஓட்டையில விழுது."

"நூறு மீட்டர்ல நான் கல்லெடுத்து எறிஞ்சாலும் விழும். நானூறுல சுட்டுப் பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாள் என்று முதல் படியில் எழுதியிருந்தேன். "பயம்லாம் இல்ல, இருக்கிற உயிரயும் பயிற்சியில ஏன் செலவழிக்கணும்னு நெனச்சேன்," என்று திருத்தினாள்.

"புதுக் குழல் வர அஞ்சு மாசம் ஆகும்," என்றார் வென்செஸ்லாவ்.

"அப்ப நீயே மலைக்கு ஏறிப்போய் அந்த ஆடுங்ககிட்டச் சொல்லிட்டு வா, அஞ்சு மாசம் பொறுத்துக்கங்கன்னு."

4

உங்களுக்கு வரும் கேள்வி எனக்கும் வந்தது: வேறு துப்பாக்கி கிடைக்கவில்லையா?

இதற்குப் பதில் எழுதாமல் கடந்துவிடலாம் என்று பார்த்தேன். மற்றவர்களிடம் இருந்தவை காட்டுப்பன்றிக்கான துப்பாக்கிகள், அத்தனை தூரத்துக்கு உதவாதவை என்று ஒரு வரி போட்டால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியின் பெயர் போகோமிர்.

போகோமிர் அவளுடைய கணவனின் தம்பி. அவள் சுடும்போதெல்லாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. அதற்கு முந்தின வருடம் அதே ரகத்தில் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தான். அந்த மார்ச் நாள் காலை மலைக்குக் கிளம்பும்போது அவளுடைய சமையலறையில், வாணலியிலிருந்தே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வறுத்த ஃப்ரிகாவைத் தின்றபடி சொன்னான்:

"என்னோடத எடுத்துக்கோங்க அண்ணி. அம்பது தோட்டாகூடப் போகல அதுல."

"அதுல நீ ஒரு ஆட்டையாவது விழுத்தியிருக்கியா?"

"இல்லதான். ஆனா குழல் நல்லா இருக்கே."

"குழல் நல்லா இருந்து என்ன? அது யாருன்னே எனக்குத் தெரியாது. இவன எனக்குத் தெரியும்." தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாயத் தொடச்சிட்டு வா."

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இத எடுத்துட்டா அப்புறம் கதையில என்னடி இருக்கு?" என்றாள்.

5

கரும்பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் செங்குத்துப் பாறை. நடுவில் ஒரு விளிம்பு, ஒரு மேசை அகலம். தூரம் நானூற்றுப் பத்து மீட்டர். மார்ச்சில் பனிச்சரிவு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே ஆளோ நாயோ போக முடியாது. விளிம்பில் ஒரு பெட்டை ஆடு. முகம் முழுக்கப் பொருக்கு, இடது கண் மூடியே போயிருந்தது. பக்கத்தில் போன வருடக் குட்டி.

முதல் தோட்டா. இடுப்பில்.

நெஞ்சைக் குறிவைத்த குண்டு இடுப்பில் போயிருந்தது. பெட்டை முன்னங்கால்களால் இழுத்து இழுத்து விளிம்பின் ஓரம் வரை போய் விழுந்தது. எழ முயன்றது. மறுபடி விழுந்தது.

"ஒரு முழம் இடப்பக்கம் போயிருக்கு அண்ணி."

திருத்தினாள். இரண்டாவது வலப்பக்கப் பாறையில் தெறித்தது.

"வலது. ரெண்டு சாண்."

மூன்றாவது மேலே. நான்காவது கீழே, பனிக்குள்.

தப்பு ஒரே பக்கம் விழுந்தால் திருத்திக்கொள்ளலாம். இடதென்றால் வலம் தள்ளலாம், மேலென்றால் இறக்கலாம். தப்புக்கு ஒரு திசை வேண்டும். செத்த குழலின் தப்புக்குத் திசை கிடையாது. அவள் கை ஆடவில்லை, மூச்சு பிசகவில்லை, முப்பது வருடமாகச் செய்ததையே செய்தாள். குண்டு மட்டும் அவளோடு சம்பந்தமில்லாமல் போயிற்று.

குழல் சூடேறினால் இன்னும் சிதறும். அதனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அந்தக் கால் மணி முழுதும் பெட்டை தலையைத் தூக்குவதும் கீழே வைப்பதுமாக இருந்தது. குட்டி ஓடவில்லை. வெடிச்சத்தம் வரும்போது நாலடி துள்ளும், திரும்பத் தாயிடம் வந்து நிற்கும். எட்டாவது வரை எதுவும் பெட்டைமேல் படவில்லை.

"போதும் அண்ணி. நான் ஓடிப்போய் என்னோடத எடுத்தாந்துடறேன்."

"போய் வர மூணு மணி நேரம். அதுவரைக்கும் அது அப்படியே கெடக்கணுமா?"

"இன்னும் எத்தன இருக்கு?"

"ஒண்ணு."

6

ஒன்பதாவது தோட்டாவை நான் மூன்று விதமாக எழுதினேன்.

(அ) ஒன்பதாவது பெட்டையின் கழுத்தில் இறங்கியது. தலை சாய்ந்தது. போகோமிர் தொப்பியைக் கழற்றினான்.

(ஆ) ஒன்பதாவதை அவள் சுடவில்லை. துப்பாக்கியைப் பனியில் வைத்துவிட்டு

(இ) ஒன்பதாவது குட்டியின்மேல் பட்டது. நின்ற இடத்திலேயே விழுந்தது. அறுபத்தேழும் எப்படி விழுந்தனவோ அப்படியே, தெரியாமலே.

படித்துக் காட்டியபோது (அ)வில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எதுக்குடி பொய்யி?"

நடந்தது (இ).

போகோமிர் ஓடினான். அவன் துப்பாக்கியோடு திரும்புவதற்குள் பள்ளத்தை மேகம் மூடிவிட்டது. மறுநாளும் மூடியே இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்கிறாள் மிலோய்கா. வந்தது என்கிறான் போகோமிர். மூன்றாம் நாள் காலை விலகியபோது பெட்டை அங்கேயே கிடந்தது. விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சுடுங்க அண்ணி."

அவள் அவனுடைய துப்பாக்கியை வாங்கி, கண்ணை அதன் தொலைநோக்குக் கண்ணாடியில் வைத்து, உடனே எடுத்துவிட்டாள். "என்னால முடியாதுடா போகோமிர்."

அத்தனை தூரத்தில் அவன் அதுவரை எதையும் சுட்டதில்லை. ஒரே தோட்டா. விலா நின்றது.

அவனுடைய துப்பாக்கியால், அவனாலேயே, முதல் தோட்டாவில் முடிகிற வேலை. அன்று அவள் அழவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தபடி, "நேரா போச்சு," என்று மட்டும் சொன்னாளாம். இதைச் சொன்னது போகோமிர்.

7

சங்கத்துக்கு அறிக்கை தர வேண்டும். உடல்களை மீட்க வழியில்லாததால் யாரும் சரிபார்க்க முடியாது. 'பெட்டை, சொறி. குட்டி, சொறி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜூலையில் புதுக் குழல் வந்தது. மாட்டினாள். இன்றுவரை அதில் ஒரு தோட்டாவும் போகவில்லை. நோய் இன்னும் மலையில் இருக்கிறது. சங்கத்திலிருந்து யாராவது வந்தால் கதவைத் திறக்காமலே, தோள் வலி என்கிறாள்.

போகோமிர் என்னிடம் தனியாகச் சொன்னான்: "குட்டிக்கும் சொறிதாங்க. கழுத்துல ஒரு உள்ளங்கை அளவு மொட்டையா இருந்துச்சு. நான் கண்ணாடில பாத்தேன். எப்படியும் செத்திருக்கும்."

மிலோய்காவிடம் கேட்டேன். "கண்ணாடி என்கிட்டயும்தான் இருந்துச்சு," என்றாள். "அது நல்லா இருந்துச்சுடி. மயிர் அப்படியே மினுமினுன்னு. அவன் பாவம், அண்ணிக்காகச் சொல்றான்."

இதோடு முடித்துவிடத்தான் இருந்தேன். நேற்று மாலை அவளே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எழுதிட்டியா?"

"முடியப்போகுது."

"அந்தக் குட்டி." என் மேசைமேல் கிடந்த தாள்களை விரலால் நகர்த்தினாள். "அதுக்குச் சொறி இருந்துச்சுன்னு எழுதேன்."

"நீதானே பொய் எழுதாதேன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப எழுதுன்னு சொல்றேன். நான் எழுதினா எனக்கு நம்ப முடியல. அவன் சொன்னாலும் முடியல. நீ புஸ்தகத்துல எழுதுறவ. அச்சுல வந்தா ஒருவேள... ஒரு வரிதானேடி."

ஒரு வரிதான். இரவெல்லாம் அதை எழுதி அடித்து எழுதினேன். எழுதினால் அவள் நம்பப்போவதில்லை. தன்னால்தான் நானும் பொய் எழுதினேன் என்பதும் அவள் கணக்கில் சேரும். எழுதாவிட்டால், கேட்டும் கொடுக்காதவள் நான்.

அந்தக் காலையில் அவள் கண்ணாடியில் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் அவளுடைய பக்கத்து வீட்டில் இல்லை, நாளைக் காலை வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே இந்த வரியை முடிக்காமல் இப்படியே உங்களிடம் விட்டுவிட்டுப் பேனாவை வைக்கிறேன்.

*குட்டியின் கழுத்தில்*