சிவப்புக் கயிறு கட்டிய வெள்ளரி

கொடி இருந்தது, காயைக் காணவில்லை. காம்பு மட்டும் கத்தியால் நறுக்கினது போல நின்றது.

பில்சுன் கொடியை இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள். அது என்ன சாதாரணக் காயா? போன குளிர்காலத்தில் எலி விதைப் பையைக் கடித்துத் தின்றதுபோக மிச்சம் பதினோரு விதை. பதினொன்றையும் ஊன்றினாள். மூன்று முளைத்தன, மழையில் இரண்டு அழுகின. மிஞ்சிய ஒற்றைக் கொடியில் ஒரே ஒரு காயை மட்டும் பறிக்காமல், மஞ்சளாகித் தோல் பழுத்து வெடிக்கட்டும் என்று விதைக்காக விட்டிருந்தாள். இன்னும் பத்து நாள் போதும். மற்றதையெல்லாம் பிஞ்சிலேயே பறித்தாகிவிட்டது, கொடியும் காய்ந்துகொண்டிருந்தது.

கடையில் விதை கிடைக்கும்தான். ஒரு வருஷம் நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்து ஊன்றினால் அப்பன் ஒரு ஜாடை, பிள்ளை ஒரு ஜாடை. பில்சுன் பதினெட்டு வருஷமாகக் கைப்பட எடுத்து வைத்த விதை அப்படி ஏமாற்றியதே இல்லை.

சமையலறையில் பூண்டும் மிளகாய் விழுதும் மணத்தன. அறுவடைப் பண்டிகைக்காக நேற்று சாயங்காலம் சியோலிலிருந்து வந்த மூத்த நாத்தனார் கும்சில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிண்ணத்தில் எதையோ பிசைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, கொடியில இருந்த காயை நீங்களா பறிச்சீங்க?"

"பின்னே யாரு? எனக்குன்னுதானே கயிறு கட்டி வச்சிருந்தே!"

வருஷா வருஷம் பண்டிகைக்கு வருகிறவர்கள் கொண்டுபோக எள்ளெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் பொட்டலம் போட்டுச் சிவப்புக் கயிறு கட்டி வைப்பவள் பில்சுன்தான். புருஷன் தெரியாமல் பறித்துவிடக் கூடாதே என்று காயிலும் அதே கயிற்றைக் கட்டியிருந்தாள். தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரை நோவது?

"விதை? விதையை என்ன பண்ணீங்க?"

"என் தம்பிக்குப் பல்லுல விதை பட்டாலே ஆகாதே. ஒண்ணு விடாம சுரண்டிக் கோழிக்குப் போட்டுட்டேன். என்னமா ஓடி வருதுங்க!"

பில்சுன் செருப்புக்கூடப் போடாமல் கோழிக் கூண்டுக்கு ஓடினாள். மண்ணில் ஈரம் மட்டும்தான் இருந்தது. மண்டியிட்டு விரலால் கிளறினாள். ஒரு விதை, ஒரே ஒரு விதை இருந்தால்கூடப் போதும். கோழிகள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அவளை வேடிக்கை பார்த்தன.

"ஒரு வெள்ளரிக்காய்க்குப் போய் இந்த ஆர்ப்பாட்டமா? சந்தையில மூட்டை மூட்டையா கிடக்குதே" என்றார் பின்னால் வந்த புருஷன் தொக்மான்.

"வாயைத் திறக்காதீங்க. இன்னிக்கு எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு நாலு கோழியையும் அறுத்துப் போட்டுருவேன்."

நல்ல நாளும் அதுவுமாக மூத்த நாத்தனாரிடம் சண்டை போட முடியுமா? மத்தியானம் எல்லோருடனும் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். நறுக் நறுக்கென்று அந்த வெள்ளரி அத்தனை ருசியாக இருந்தது. அதனாலேயே ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ருசி சியோல்ல காசு கொடுத்தாலும் கிடைக்காதுடி. அடுத்த வருஷம் எனக்கு ரெண்டு காயா கயிறு கட்டி வை" என்றாள் கும்சில்.

பில்சுன் தட்டில் கிடந்த கடைசித் துண்டை எடுத்து நாத்தனாரின் கிண்ணத்தில் வைத்தாள்.

"இதையும் நீங்களே சாப்பிடுங்க அண்ணி. இதுதான் கடைசி."

"எம்மேல எவ்வளவு பாசம் பாரேன் இவளுக்கு!" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே கும்சில் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.