மூன்றாம் ஓலை

அந்த வாசகத்தை யூனிஸ் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறாள். சபையில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைப் போதகரான ஐயர் எழுந்து நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று வாசிப்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். மாப்பிள்ளையின் சபை வேறென்றால் அங்கேயும் வாசிப்பார்கள். யாரும் எழுந்து ஒரு தடையைச் சொன்னதாகத் தாம்பரத்தில் ஞாபகமே இல்லை. அந்த நேரத்தில்தான் பெண்கள் கைப்பைக்குள் காணிக்கைக் காசைத் துழாவுவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடும்.

அவள் பெயரையே வாசித்த நாளும் வந்தது. பாடகர் குழுவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழே மூன்றாவது வரிசையில் அம்மா ரத்தினபாய், பட்டுப்புடவையில், தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை பார்த்து ஒற்றைப் பெண்ணை வளர்த்து, புருஷன் போனபிறகு தனியாகவே கல்யாணம்வரை கொண்டுவந்தவள். அந்த நிமிர்வுக்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அசரியா ஐயர் கீழ்க்கட்டளைச் சபையின் தேவானந்தத்தையும் தாம்பரம் சபையின் யூனிஸையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்றார்.

ஒரு தடை யூனிஸுக்குத் தெரியும்.

நீங்கள் வேறெதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் அப்படிப்பட்ட பெண்ணில்லை. நடந்தது இதுதான்.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் பக்கம் வைத்தீஸ்வரனின் கடை. எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். யூனிஸ் அங்கே கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடிப்பாள். தொண்ணூற்றேழில் கடைக்கு இன்டர்நெட் வந்தது. மோடம் என்கிற சின்னப் பெட்டி பூனைக்குட்டி மாதிரி கத்தி, இரைந்து, ஓய்ந்தால் இணைப்புக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பூத்தில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் அறுந்துபோகும். வெயிலுக்குப் பயந்து சனம் வராத மத்தியான வேளையில் எதையோ தேடப்போய், ஒருநாள் அந்த விளையாட்டுக்குள் விழுந்துவிட்டாள்.

அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். 'நீ ஒரு காட்டின் விளிம்பில் நிற்கிறாய். வடக்கே ஓநாய் ஊளையிடுகிறது' என்று வரும். வடக்கே போகிறேன் என்று அடித்தால் போகலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் அதே காட்டில் அதே நேரத்தில் திரிவார்கள். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் திருடன், ஒருத்தன் வீரன். யூனிஸ் காயம் ஆற்றுகிற வைத்தியச்சி. பெயர் வைக்கச் சொன்னபோது, அப்பா செத்த வருஷம் அது, வேதத்தில் கசப்பு என்று பொருள்படுகிற மாரா என்ற பெயரை வைத்துக்கொண்டாள்.

வைத்தீஸ்வரன் கல்லாவிலிருந்து கேட்பார். "இன்னாம்மா யூனிஸ், ராட்சசன் பூட்டானா?"

"இன்னும் இல்லண்ணா. கால் மட்டும் வெட்டியாச்சு."

"அப்போ நொண்டிக்கினு வருவான். ஜெராக்ஸுக்கு ஆள் நிக்குது, அவனை ஓரமா குந்தச் சொல்லிட்டு வா."

அந்தக் காட்டில் ஆல்டர் என்று ஒரு கேடயக்காரன். ஆபத்து வந்தால் அவன் முன்னே போய் நிற்பான். அவள் பின்னாலிருந்து அவன் காயத்தை ஆற்றுவாள். நிஜத்தில் அவன் யார், வயதென்ன, எதுவும் அவளுக்குத் தெரியாது. எங்கோ பனி பெய்கிற ஊர். இங்கே மத்தியானம் என்றால் அவனுக்குக் காலை. சண்டையில்லாத நேரத்தில் இருவரும் சத்திரத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். அம்மாவிடம் சொன்னால் அழுவாள் என்று விழுங்கி வைத்திருந்ததையெல்லாம், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையெல்லாம், அவனிடம் சொன்னாள். அவன் நீளமாக ஆறுதல் சொல்கிறவன் இல்லை. "நான் இங்கேதான் நிற்கிறேன்" என்று மட்டும் வரும்.

விளையாட்டில் ஒரு வசதி இருந்தது. கல்கோயிலின் முன்னால் இரண்டு பேர் பந்தம் செய்துகொண்டால், ஒருவருடைய உயிர் குறையும்போது மற்றவருடையது தானாகப் போய்ச் சேரும். அந்த உலகத்தில் அதுதான் கல்யாணம். செய்துகொள்ளலாம் என்றான் ஆல்டர். போனார்கள். 'உன் வார்த்தையைச் சொல்' என்று திரை கேட்டது. மற்றவர்கள் அங்கே கேலியாக ஏதாவது அடித்துவிட்டுப் போவார்களாம். யூனிஸுக்குக் கல்யாணம் என்றால் வேறு வார்த்தை தெரியாது. பத்து வயதிலிருந்து பாடகர் குழுவில் நின்று எத்தனையோ ஜோடிகள் சொல்லக் கேட்டது விரலில் இறங்கிவிட்டது. நன்மையிலும் தீமையிலும், நோவிலும் சுகத்திலும், மரணம் பிரிக்கும்வரை என்று இங்கிலீஷில் முழுசாக அடித்தாள். முடிவில் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தையும் அடித்தாள். அடித்த நிமிஷத்தில் அவள் அதை மனதாரத்தான் அடித்தாள். அதுதான் கஷ்டம்.

தேவானந்தத்தைப் பெண் பார்க்க அழைத்து வந்தது அதற்குப் பிறகு. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர், நல்லவர் என்று முகத்திலேயே தெரிந்தது. யூனிஸ் சம்மதித்தாள். பிடித்துத்தான் சம்மதித்தாள்.

ஓலை வாசிக்கும் வரைக்கும் இரண்டும் இரண்டு உலகமாக இருந்தன. இப்போது ஒன்றில் சொன்ன வார்த்தையை இன்னொன்றில் எப்படிச் சொல்வது? சொல்லச் சொல்ல மேலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர் இரண்டு இடத்திலும் ஒருவர்தானே?

மறுநாள் மத்தியானம் ஆல்டரைத் தேடினாள். பந்தத்தை அவிழ்க்க வேண்டுமானால் இருவரும் அதே கல்கோயிலுக்கு வர வேண்டும். அவன் இல்லை. சத்திரத்துச் சுவரில் சேதி எழுதி வைத்தாள்: மூன்றாம் ஞாயிற்றுக்கு முன்னால் உன்னைப் பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவன் வரவில்லை. இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. ரத்தினபாய் கோயில் வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றாள். யூனிஸுக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன யூனிஸ், மீன் நல்லால்லையா?"

"நல்லாருக்கும்மா."

"கல்யாணப் பயம். எனக்கும் இருந்திச்சு. போகப் போகச் சரியாயிடும்."

அந்த வாரம் புதன்கிழமை, பத்திரிகையில் பெயர் திருத்தம் பார்க்கத் தேவானந்தம் கடைக்கு வந்தார். தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே டைப் அடித்துக்கொண்டிருந்தாள் யூனிஸ். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பெரியப்பா பேருக்கு முன்னால திரு போடலன்னா அவர் கல்யாணத்துக்கே வரமாட்டார்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டாள்.

தேவானந்தம் முதலில் சிரித்தார். "கேம்தானே யூனிஸ்? நான் சின்ன வயசுல போலீஸா இருந்தேன், யாரையும் ஜெயில்ல போட்டதில்ல."

"என்ன வார்த்தை சொன்னேன்னு கேளுங்க."

கேட்டார். சொன்னாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அதேவா?"

"அதேதான்."

"பிதா குமாரன்..."

"ம். அதுவும்."

கல்லாவிலிருந்த வைத்தீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் நீங்களும்! எங்க பக்கம் கூத்துல வாராவாரம் ஒருத்தன் ஒருத்திக்குத் தாலி கட்றான். கட்டிட்டு வேஷத்தைக் கலைச்சிட்டு வூட்டுக்குப் போய் சோறு துன்றான். அவன் பொண்டாட்டி இன்னா டைவர்ஸா கேக்குறா?"

"அவங்க வேஷம் போட்டுக்கிட்டுக் கட்றாங்கண்ணா" என்றாள் யூனிஸ். "நான் வேஷம் இல்லாமச் சொல்லிட்டேன்."

வைத்தீஸ்வரன் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

தேவானந்தம் ஸ்டூலைக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அவிழ்க்க முடியும்னியே. எனக்குக் காட்டு" என்றார்.

மோடம் கத்தி ஓய்ந்தது. மாரா சத்திரத்துக்குள் நுழைந்தாள். ஆல்டர் அங்கே இருந்தான்.

'மாரா! ஊருக்குப் போயிருந்தேன். சேதி பார்த்தேன். என்ன அவசரம்?' இங்கிலீஷில் வந்த எழுத்தைத் தேவானந்தம் முன்னால் சாய்ந்து படித்தார். கல்கோயிலுக்குப் போக வேண்டும், காரணம் அங்கே சொல்கிறேன் என்றாள். கிளம்பினார்கள். ஆற்றைக் கடக்கும்போது மூன்று ஓநாய்கள் மறித்தன.

பிறகு நடந்ததைத் தேவானந்தம் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது தட்டை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்து நின்ற பெண், இங்கே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. 'இடது பக்கம், முட்டாளே, இடது பக்கம்!' என்று ஆல்டரை அதட்டினாள். ஒரு ஓநாய் விழுந்தது. 'இதுக்கா கேடயம் வெச்சிருக்க, தோசை ஊத்தவா?' என்று இங்கிலீஷில் அடித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். தோசை என்றால் என்னவென்று எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போலும். அங்கிருந்தும் சிரிப்பு வந்தது. யூனிஸின் கண் பளபளத்தது. பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதே அவளுக்கு நினைவில்லை.

கல்கோயில் வந்தது. எனக்குக் கல்யாணம், என்னை விடுதலை செய், என்று அடித்தாள்.

'ஓ, அட்டகாசம்! வாழ்த்துக்கள்' என்றான் ஆல்டர். மறு வரியிலேயே 'ஆல்டர் பந்தத்தை அவிழ்க்கிறான்' என்று வந்தது. கண் இமைக்கும் நேரம்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. 'இது எனக்கு நாலாவது. போன தடவை ஒரு திருடியோடு. சரி, இனிமேல் எனக்குக் காயம் ஆற்ற ஆள் வேண்டுமே, உனக்குத் தெரிந்த வைத்தியச்சி யாராவது...'

பூத்தில் யாரோ ரிசீவரைத் தூக்கினார்கள். வரி அப்படியே நின்றுவிட்டது.

யூனிஸ் திரையைப் பார்த்தபடி இருந்தாள். நிம்மதி வர வேண்டும். அதற்குத்தானே இத்தனை நாள் தவித்தாள்? வரவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி காந்தியது. அவன் பக்கத்தில் ஒன்றுமே இருந்ததில்லை. சொன்னதும் கட்டுண்டதும் அவள் ஒருத்திதான். அப்படியானால் அவிழ்ந்தது எது? முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வைத்தீஸ்வரன் சத்தமில்லாமல் எழுந்து டீ சொல்லப் போனார்.

தேவானந்தம் மெதுவாகக் கேட்டார். "யூனிஸ், கோபப்படாத. கோயில்ல என் கையைப் புடிச்சிக்கிட்டு அதே வார்த்தைய சொல்லும்போது, என்கிட்டதான் சொல்லுவியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு தடவை யோசிக்காமல் அந்த வார்த்தையைச் சொன்னதே போதும் என்று தோன்றியது.

"தெரியலீங்க" என்றாள். "இப்போ தெரியல. பொய் சொல்லக்கூடாதுன்னுதான்..."

அவர் முகம் சுருங்கியது. பத்திரிகைத் தாளை எடுத்து மடிக்கப் போனவர் மடிக்காமல் வைத்தார்.

"நீ இப்ப சண்டை போட்டியே, அந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்ல" என்றார். "அவளைத்தான் கட்டிக்கணும்னு இருக்கு. அவ வருவாளான்னுதான் தெரியல." எழுந்தார். "உனக்குத் தெரியிற வரைக்கும் மூணாவது ஓலைய வாசிக்க வேணாம்னு உங்க ஐயர்கிட்ட நீ சொல்லிடு. எங்க சபையில நான் நிறுத்த மாட்டேன். எனக்குத் தடை ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம் யூனிஸ் ஐயர் வீட்டுக்குப் போனாள். அசரியா ஐயர் பிரசங்கக் குறிப்பை மூடிவைத்துவிட்டு, அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஓலையை நிறுத்தி வைக்கச் சொன்னாளே தவிர, காரணத்தை அவள் சொல்லவில்லை.

"பையன் மேல ஏதாவதாம்மா?"

"இல்லீங்கய்யா. என் மேலதான். கொஞ்ச நாள் வேணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"காலையில சொல்லிடறேன்யா."

காலையில் ரத்தினபாய் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பாடினாள். "மூணாவது ஓலைக்கு அந்த மாம்பழ கலரை எடுத்து வெச்சேன் பாரு" என்றாள். யூனிஸ் வாயைத் திறந்தாள். உயிரில்லாத திரையில் அத்தனை சொல்லத் தெரிந்தவளுக்கு, பெற்றவளின் முகத்துக்கு நேரே ஒரு வரி சொல்ல முடியவில்லை.

ஆராதனையில் ஐயர் எழுந்தார். கூடுவாஞ்சேரிப் பையன் ஒருவனுக்கும் இந்தச் சபைப் பெண் ஒருத்திக்கும் முதல் ஓலை வாசித்தார். தடை அறிந்தவர்களைச் சொல்லச் சொன்னார். தாளை மடித்துவிட்டு, பாட்டு எண்ணை அறிவித்தார்.

சபை முழுக்க ஒரு சலசலப்பு. தலைகள் திரும்பின. ஆர்மோனியம் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரத்தினபாய் மட்டும் எழவில்லை. மாம்பழக் கலர் மடியில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, ஐயர் எதையோ மறந்துவிட்டார், இதோ திரும்ப வாசிக்கப் போகிறார் என்பதுபோல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்நேரம் கீழ்க்கட்டளையில் வாசித்திருப்பார்கள். அங்கே அந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து, அவள் பெயர் தன் பெயரோடு மூன்றாம் முறை சேர்வதைக் கேட்டிருப்பார். தடையைப் பற்றிக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்? அதை நினைத்தபோது யூனிஸுக்கு அவருக்காக வலித்தது. ஆல்டருக்காக இல்லை. அது அவளுக்கே புதிதாக இருந்தது, ஆனால் அதை இப்போதே நம்பிவிட அவளுக்குத் தைரியமில்லை.

பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தாள். பாடகர் குழு பாடிக்கொண்டிருக்க, படியிறங்கி, அத்தனை கண்ணும் பார்க்க, மூன்றாவது வரிசைக்கு நடந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயர் மறந்துட்டாரு யூனிஸ். நீ போய்ச் சொல்லு" என்றாள் ரத்தினபாய்.

"அவர் மறக்கலம்மா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். கண் நிறைந்து வந்தது. "ஏண்டி?" என்றாள், உதடு மட்டும் அசைய.

"சொல்றேன். முழுசாச் சொல்றேன். எழுந்து போயிடாத" என்றாள் யூனிஸ். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும் என்று தோன்றியது. பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, அம்மாவின் காதோரம் குனிந்து, அங்கிருந்தே தொடங்கினாள்.