மாதிரிப் படிவத்து மகள்

பல்கலைக்கழக வேதியியல் துறையில் குடுவை கழுவுபவருக்கு, வேலை நிரந்தரமான மாதத்தின் முதல் தேதியன்று, காலை எட்டரை மணிக்கு, ஏழு வயதில் ஒரு மகள் வந்து சேர்ந்தாள். அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. பிசகு படிவத்தில் நடந்தது. ஒரே ஒரு காலியிடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேர் விண்ணப்பித்து, பதினோரு வருஷம் தினக்கூலியாக இருந்த அவருக்கே அது கிடைத்துவிட்டது. ஓர் எழுத்து தவறினாலும் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில், மருத்துவச் சலுகைப் படிவத்தை எங்கள் பணியாளர் பிரிவுச் சுவரில் ஒட்டியிருந்த மாதிரியைப் பார்த்துப் புள்ளி விடாமல் எழுதினார். தன் பெயரை மட்டும் மாற்றினார். ‘சார்ந்து வாழ்வோர்: மகள், வயது ஏழு’ என்ற வரியும் அப்படியே வந்துவிட்டது. நாங்கள் நாலு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டோம். படித்துப் பார்க்கும் வழக்கம் பிரிவில் அப்போதும் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றியவள், பசிக்கிறது அப்பா என்றாளாம். அவர் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தார். யார், எங்கிருந்து என்று விசாரிக்க அப்புறம் நேரமில்லை. தலை பின்னக் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆயிற்று. முதல் வருஷம் படிவத்தைப் புதுப்பிக்கையில் வயதை மாற்ற மறந்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க அவளுக்குச் செருப்பு சிறுக்கவில்லை, விழுந்த முன்பல் முளைக்கவில்லை. எங்கள் பிரிவுத் தலைவி அவரைக் கூப்பிட்டு, “எட்டுன்னு போடுங்கண்ணே, புள்ள வளர வேண்டாமா?” என்று கடிந்துகொண்டார். போட்டார். மறுநாள் பல் எட்டிப் பார்த்தது.

அவள் இருபத்து மூன்றை எட்டியபோது நூலகத்தில் ஒரு காலியிடம் வந்தது. வேலை கிடைத்த பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது விதி. அடித்தால் அவள் என்ன ஆவாள் என்பது விதியில் இல்லை. குடுவைக்காரர் அறிவிப்பைப் பலகையிலிருந்து உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார்.

“சட்டைக்குள்ள என்னப்பா?”

“வேர்க்குரு.”

“வேர்க்குரு சரசரன்னு சத்தம் போடுமா?”

அவர் எடுத்துக் கொடுத்தார். “உன் பேரை அடிச்சுடுவாங்கம்மா” என்றார்.

“அடிக்கட்டும். என் படிவத்துல நான் உங்களை எழுதிக்கறேன்.”

வேலை அவளுக்கே கிடைத்தது, அவர் ஓய்வுபெற்ற அதே மாதத்தில். தலைவி ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் பெயரை அடிக்கும்போது குடுவைக்காரர் மகளின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கோடு முக்கால்வாசி போனதும் அவள் மங்கினாள். பின்னாலிருந்த பீரோவின் பூட்டு அவள் தோள் வழியே தெரிந்தது. அவள் பதறாமல் தன் படிவத்தில் ‘அப்பா, வயது ஐம்பத்தெட்டு’ என்று எழுதி முடித்தாள். பூட்டு மறைந்தது. அவர் கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த வயதை அவள் இன்றுவரை மாற்றவில்லை. மறதி இல்லை என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குப் பின் வந்தவர்களும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பிரிவின் மரபைக் காப்பாற்றி வருகிறார்கள். இந்த வருஷம் மகளுக்கு ஐம்பத்தேழு, அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. மருத்துவமனைப் படியேறும்போது யார் யாருக்குக் கை கொடுப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் சின்னத் தகராறு.