டெய்லருக்குச் சொன்ன நிஜத் தேதி

தெருவே அவருக்கு வைத்த பெயர் 'நாளைக்கு' டெய்லர். துணி தயாரா என்று எப்போது கேட்டாலும் மனிதர் வாயிலிருந்து வருவது அந்த ஒரே வார்த்தைதான். கை என்னவோ தங்கமான கை. தைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தைக்க வேண்டுமே! அதனால் ஊரார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இருபதாம் தேதி கல்யாணம் என்றால் அவரிடம் பத்தாம் தேதி என்று அடித்துவிடுவார்கள். அவர் மட்டும் லேசுப்பட்டவரா? யார் எந்தத் தேதி சொன்னாலும் மனசுக்குள் பத்து நாளைக் கூட்டிக்கொள்வார். இப்படி இரண்டு தரப்பும் பொய் சொல்லிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. புதிதாகப் பதினைந்து பிள்ளைகளாவது சேராவிட்டால் இழுத்து மூடிவிடுவார்களாம். டெய்லரின் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்; அவளுக்கோ பஸ்ஸில் ஏறினாலே வாந்தி.

புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை கடை கடையாக ஏறி இறங்கினார். பெற்றோரை அழைத்துப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டப்போவதாகச் சொன்னார். தச்சர் பெஞ்சுகளுக்குக் கால் போட்டார். பெயின்ட் கடைக்காரர் டின் டின்னாக இறக்கினார். ஹாலில் ஒரு சுவர் மட்டும் ஈரம் ஊறி எந்தப் பெயின்டுக்கும் மசியவில்லை. அதைத் திரை போட்டு மறைக்கலாமென்று துணிக்கடைக்காரர் நீலத் துணி கொடுத்தார்.

"தையல் என் பொறுப்பு டீச்சர், பைசா வேண்டாம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் நம்ம ஆள்.

"பன்னிரண்டாம் தேதி வேணும்" என்றார் டீச்சர். ஊருக்குப் புதுசு, பாவம். நிஜத் தேதியைச் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு டீச்சர் கடை வாசலில் வந்து நின்றபோது, துணி சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

"இருபத்திரண்டுக்குத்தானே டீச்சர்?"

"இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு!"

"நிஜமாவா?"

"நான் ஏன் பொய் சொல்லணும்?"

மூலையில் உட்கார்ந்து பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா, அப்போ நான் பஸ்லதான் போகணுமா?"

டெய்லர் அவசர அவசரமாகக் காகிதத்தைப் பிரித்தார். உள்ளேயிருந்து வந்த மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். அரை மணி நேரத்தில் ஊசியோடு பத்துப் பேர் வந்து நின்றார்கள். அத்தனை பேரும் அவரிடம் துணி கொடுத்துவிட்டுக் காத்துக் காத்துக் கண் பூத்தவர்கள்.

"கல்யாணத்துக்குக் குடுத்த ரவிக்கையைக் குழந்தை பிறந்தப்புறம் தந்த மகராசா, கொஞ்சம் நகருங்க" என்று உட்கார்ந்தாள் பேக்கரிக்காரி.

"என் யூனிஃபார்ம் வர்றதுக்குள்ள எனக்கு வேற ஆஸ்பத்திரிக்கே மாத்தலாயிடுச்சு" என்றபடி நர்ஸ் ஓரம் மடித்தாள்.

"சரி தாயே, சரி தாயே" என்று டெய்லர் மெஷினை மிதித்துத் தள்ளினார். கேலியெல்லாம் அவருக்கு உறைக்கவேயில்லை. இத்தனை பேர் வந்துவிட்டார்களே என்று கண்தான் கலங்கியது.

மூன்றே முக்காலுக்குத் திரை ஏறியது. ஓரத்தில் ஒரு சாண் குறை. நாலு மணிக்கு வந்த பெற்றோர் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை தச்சர் அந்த இடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பதினேழு பிள்ளைகள் சேர்ந்தார்கள்! மகள் ஹாலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"இந்தப் பதினேழு பேருக்கும் சீருடை நீங்கதான் தைக்கணும்" என்றார் டீச்சர். "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வேணும்."

தச்சர் குறுக்கே வந்தார். "ஐயையோ, பத்து நாள் முன்னாடி தேதியா சொல்லுங்க டீச்சர். இங்க அப்படித்தான்."

"நீங்க எப்படி வேணா சொல்லிக்குங்க. நான் அவருக்கு நிஜத் தேதிதான் சொல்லுவேன்."

இருபது வருஷத்தில் அவரிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள். டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிப் பெண்ணைக் கூப்பிட்டார். அது அம்மா பின்னால் ஒளிந்துகொண்டது.

"நாளைக்கு வரேன் அங்கிள்."

"நாளைக்கா?" என்று பதறிப்போனார் டெய்லர். "அதெல்லாம் வேண்டாம்மா. இப்பவே வா."