ஓட்டக் கூடாது என்றுதானே சொன்னார்

என் வீட்டுக்காரருக்கு மருந்துக்கடை. கையில் எது கிடைத்தாலும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, மேலே எழுதி, வாயை மடித்துவிடுவார். என் அப்பாவின் கார் எஞ்சினும் அப்படித்தான் எண்பத்து மூன்று மருந்து உறைகளுக்குள் புகுந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் பத்து நாள் குடியிருந்தது. முதலில் மாட்ட வேண்டிய போல்ட்டுகளுக்கு 'சாப்பாட்டுக்கு முன்' என்ற கட்டத்தில் டிக். கடைசியில் மாட்ட வேண்டியதற்கு 'சாப்பாட்டுக்குப் பின்'. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அப்பா என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வண்டியை எங்களிடம் விட்டபோது, "யாரும் ஓட்டக் கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொன்னது இவருக்கு. கல்யாணமான புதிதில் அந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கப் போய் கேட்டில் உரசிவிட்டார், அவ்வளவுதான். பதினொரு வருஷமாக எங்கே போனாலும் பின்சீட்டில், பைகளுக்கு நடுவே ஒரு பையாக வருகிறார். வெளியே சிரிப்பார், உள்ளுக்குள் வெந்துபோவார். பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

"எஞ்சின்ல எண்ணெய் ஒழுகுது. மாமா வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டேன்னு வை, அவரே கூப்பிட்டு சாவியக் குடுப்பாரு பாரு" என்றார்.

"அவர் சொன்னது மறந்துபோச்சா?"

"ஓட்டக் கூடாதுன்னுதான சொன்னாரு. கழட்டக் கூடாதுன்னு எப்ப சொன்னாரு?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். உறைகள் அத்தனையும் காலி; ஒரு நட்டுகூட மிச்சமில்லை. நாலு மணி ரயிலில் அப்பா வருகிறார். அவர் வண்டியிலேயே போய் அழைத்து வர வேண்டும்.

என்னை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஓட்டுநர் சீட்டில் தான் உட்கார மாட்டாராம், மாமா பேச்சை மீறக் கூடாதாம். திருப்பினேன். எஞ்சின் க்ர்ர் க்ர்ர் என்று முக்கியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடியும் முக்கல்.

"சத்தம் வறட்சியா இருக்கா, சளியோட இருக்கா?" என்று கேட்டார், கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற அதே குரலில்.

"ஏங்க, எனக்கு வர்ற கோவத்துக்கு..."

வேறு வழியில்லாமல் அப்பாவின் வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "நம்ம நண்பர் ஒருத்தரோட வண்டிங்க" என்று ஆரம்பித்தார். ஸ்டார்ட் அடித்துக் காட்டச் சொன்னார் மெக்கானிக். மூன்றே விநாடி அடித்தேன்.

"இது பெரியவர் வண்டியாச்சே!" என்றது போன்.

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமாங்க. நான்தான் கழட்டினேன். நாலு மணிக்கு வந்துடுவாரு."

"அப்ப நான் ஊர்லயே இல்ல, சொல்லிட்டேன்." அப்புறம் மனசு கேட்காமல், "நெருப்பு, பெட்ரோல், காத்து. மூணும் இருந்தா எந்த எஞ்சினும் ஓடியே ஆகணும். ஒவ்வொண்ணாப் பாருங்க" என்று சொல்லிப் போனை அணைத்தே வைத்துவிட்டார்.

ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்தார் இவர். நான் சாவியைத் திருப்ப, நீலமாகப் பொறி பறந்தது. "அய்யோ!" என்று இவரும் பறந்தார்.

"நெருப்பு இருக்கு" என்றார் ஈனக் குரலில். பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "பெட்ரோலும் இருக்கு. ஏகத்துக்கு இருக்கு."

"காத்து?"

"காத்துக்கு என்ன பஞ்சம், ஊரெல்லாம் காத்துதான்" என்றவர், முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று உறைகளை எடுக்கப் போனார்.

"ஒரு உறையத் தொட்டீங்க, நடக்கறதே வேற!"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "விடு. மாமாகிட்ட நானே சொல்லிடறேன். இனிமே பின்சீட்டுலகூட ஏத்த மாட்டாரு." கண் கலங்கியிருந்தது. எஞ்சின் மேல் வந்த கோபம்தான் என்னை எழுப்பியது. காற்று போகிற வழியில் இருந்த வட்ட மூடியை நானே திறந்து, வடிகட்டியைத் தூக்கினேன். கார்புரேட்டரின் வாயில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க இது?"

"பஞ்சு."

"பஞ்சுன்னு எனக்கும் தெரியுது. இங்க எதுக்கு?"

"தூசி விழக் கூடாதுன்னு... தொறந்த வாய்க்குப் பஞ்சு வைக்கறதுதான முறை?"

மாத்திரை பாட்டிலுக்கு. இருபது வருஷப் பழக்கம், கை தானாக வைத்திருக்கிறது. உயிரோடு இருக்கிற எஞ்சினுக்கு மூக்கில் பஞ்சு வைத்துவிட்டு மூச்சு வரவில்லை என்று வைத்தியம் பார்த்த ஒரே ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் முறைத்துக்கொண்டே பிளக்குகளை ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினார். சாவியைத் திருப்பினேன். ஒரு தும்மல், கொஞ்சம் கரும்புகை, அப்புறம் எஞ்சின் ஓடியது. இவர் ஓடி வந்து கட்டிப்பிடித்தது என்னை இல்லை, பானெட்டை.

ரயில் நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அப்பா வந்ததும் வழக்கம்போல ஓட்டுநர் சீட்டில் ஏறினார். இவர் வழக்கம்போலப் பைகளோடு பின்னால். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். அணைத்தார். மறுபடியும் ஸ்டார்ட் செய்து கேட்டார்.

"எங்க அந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம், மாமா?"

"டக்கு டக்குன்னு வருமே. அத வச்சுத்தான நான் கியரே மாத்துவேன்!"

இவர் பஞ்சு உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "வால்வையும் சரி பண்ணினேன் மாமா. அதுல போயிருக்கும்."

அப்பா கியர் போட்டார், வண்டி குதித்து நின்றது. மறுபடியும் போட்டார், மறுபடியும் நின்றது. பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்தன. மூன்றாவது தடவையும் நின்றதும் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

"இறங்குங்க" என்றார். போச்சு, இவரை இங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஊமை வண்டி எனக்கு ஓட்ட வராது. நீங்களே ஓட்டித் தொலைங்க, மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார்.

இவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. அப்பாவுக்குப் பின்சீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வீடு வரைக்கும் நாக்கைத் தட்டி டக்கு டக்கு என்று தானே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அவர் வேகமாகத் தட்டும்போதெல்லாம் இவர் கியர் மாற்றினார்.