வெள்ளைக்காரரின் வலது கண்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளுக்குக் காகிதத் தொழில் ஆகாது. கடையில் போய் வெள்ளைத் தாள் கேட்கிறவர்களுக்கு வெள்ளை ஒன்றுதான். மொத்த வியாபாரிக்கு அப்படியல்ல. ஒரே மில், ஒரே பெயர், ஒரே கனம் என்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும், இந்த மாதம் ஓட்டிய தாளில் நீலம் ஒரு துளி கூடியிருக்கும். போன மாதத்துத் தாளில் பாலாடையின் சாயல் லேசாகத் தட்டும். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. இரண்டையும் கலந்து ஒரு புத்தகம் போட்டுவிட்டால் போதும். மூடி வைத்து ஓரத்தைப் பார்க்கும்போது, நடுவில் பட்டை விழுந்திருப்பது காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தப் பட்டை விழாமல் பார்த்துக்கொள்வதில் அவர் பேர் எடுத்தவர். காகித மார்க்கெட்டில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. பெயர் வைத்தவன் யாரோ, சிரித்துக்கொண்டேதான் வைத்திருக்க வேண்டும். போகப் போகச் சிரிப்பு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

குடோனின் வடக்கு ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை கிடக்கும். மில் வெவ்வேறு தடவை ஓட்டிய இரண்டு லாட்டிலிருந்தும் ஒவ்வொரு தாளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி அதில் வைப்பார். இடது கண்ணை மூடிக்கொள்வார். தலையைச் சாய்த்து வலது கண்ணால் மட்டும் பார்ப்பார். அந்த நேரத்தில் குடோனில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். வெகுநேரம் கழித்து, "ஒண்ணு" என்பார். அல்லது "ரெண்டு" என்பார். அதற்குமேல் பேச்சில்லை. ஒண்ணு என்றால் லாரியில் ஏறும். ரெண்டு என்றால் ஏறியதும் இறங்கும்.

வெள்ளையை அளக்கும் மெஷின் ஒன்றை விற்க ஒரு முறை ஒருவர் வந்தார். பெரிய அச்சகம் வைத்திருக்கும் அம்மா அப்போது குடோனில் இருந்தார். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார். வராது என்றார் விற்க வந்தவர். "இவருக்கு வரும். தப்பா இருந்தா சாப்பிடக்கூட மாட்டார். எனக்கு இவரே போதும்" என்று அனுப்பிவிட்டார்.

அப்படிப்பட்ட கண்ணில்தான் புரை விழுந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியாது. படி இறங்கும்போது ஒரு நாள் தடுமாறினார். மனைவி பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம், அதை முதலில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்தார்கள். ஒரு மாதம் குடோன் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. அதுவரை வியாபாரத்தை மச்சினன் பார்த்துக்கொண்டான். மனைவியின் தம்பி, பதினைந்து வருஷமாகக் கூடவே இருக்கிறவன்.

மாதம் முடிந்து அவர் உள்ளே வந்த காலையில், ஜன்னல் பக்கம் இரண்டு அடுக்குகள் நின்றன. அச்சகத்தம்மா போடும் அகராதிக்கான தாள். தலையணை தோற்றுப்போகும் புத்தகம் என்பதால் ஒரு லாட் போதவில்லை. இரண்டு லாட்டையும் ஆபரேஷனுக்கு முன்னால் அவரே பார்த்து, "ஒண்ணு" என்று சொல்லியிருந்தார். முதல் லாட் அச்சகத்துக்குப் போய் பாதி அகராதி அச்சாகிவிட்டது. அதில் மிச்சம் சில கட்டுகள்தான் இங்கே. இரண்டாவது லாட் அன்று பிற்பகல் லாரி ஏற வேண்டும்.

ஒரு மாதமாகப் பகலெல்லாம் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு போய் இரண்டிலிருந்தும் தாள் உருவி மேஜையில் போட்டார். இடது கண்ணை மூடினார். இந்த முறை வெகுநேரம் ஆகவில்லை.

"மாப்ளே, இது எங்க வாங்கினது?"

"எது, அத்தான்?"

"இந்தப் புது அடுக்கு."

"நம்ம மில்லுதான். நீங்க பாத்து ஒண்ணுன்னு சொன்னீங்களே."

"நான் பாத்த தாள் இது இல்ல. இது நீலமா இருக்கு. குருடன்கூடக் கண்டுபிடிப்பான்."

மச்சினன் கட்டின் உறையில் ஒட்டியிருந்த லாட் சீட்டைக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை. "சீட்டை எவன் வேணா ஒட்டலாம். தாள் பொய் சொல்லாது. நான் படுத்திருந்த நேரம் பாத்து, விலை குறைஞ்சதா எங்கேயோ எடுத்து உள்ளே சொருகிட்டே. அதானே?"

கட்டு தூக்குகிறவர் தோளிலிருந்த கட்டை இறக்காமலே நின்றார். நல்ல உயரம் என்பதால் அவரை எல்லோரும் மலை என்று கூப்பிடுவார்கள். மலை தரையைப் பார்த்தது.

மச்சினன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "லாரி வர்ற வரைக்கும் இருக்கேன். ஏத்துறதா வேண்டாமான்னு நீங்களே அச்சகத்தம்மாகிட்ட சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நான் என் வழியைப் பாத்துக்கறேன்" என்றான்.

அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குடோனுக்குப் பின்னால்தான் வீடு. சாப்பிடப் போனார்.

மனைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணில் மருந்து விட்டாள். அண்ணாந்தபடியே, "இந்தச் சுவருக்கு எப்ப நீலம் கலந்து அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"யாரு அடிச்சா? அழுக்குத் துடைக்கவே ஆளில்ல."

"அப்ப இந்தத் துண்டு? புதுசா?"

"நம்ம கல்யாணத்து வயசு அதுக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். வலது கண்ணைக் கையால் பொத்தினார். சுவர் பழைய சுவராக, டீக்கறை படிந்த கோப்பையின் உட்புறம் போல இருந்தது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். அதே சுவர் சலவை செய்து நீலம் போட்ட மாதிரி வெளுத்தது. மறுபடி மாற்றினார். மறுபடியும். பாத்திரத்தில் இருந்த பாலைப் பார்த்தார். உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தார். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளை இருந்தது.

"என்னங்க விளையாட்டு இது?"

"இங்க வா. வெளிச்சத்துல நில்லு." அவளையும் ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணால் பார்த்தார். "உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?"

"இத்தனை நாள் உங்களுக்குக் கண் தெரியாதது குடும்பத்துக்கு நல்லதாத்தான் இருந்திருக்கு" என்றாள் அவள். "நிறமெல்லாம் வேற மாதிரி தெரியும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. புரை இருந்தா எல்லாம் மஞ்சளடிச்சுத் தெரியுமாம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்ற மாதிரி. நீங்க எங்க காதுல வாங்கினீங்க?"

அவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு முறை பரிமாறப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவருடைய மௌனத்தின் நீளம் அவளுக்குத் தெரியும். நடுவில் புகுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது. ஆக, இன்றைக்கு இடது கண் பார்ப்பதைத்தான் போன மாதம் வரை வலது கண் பார்த்திருக்கும். வலது கண்ணின் பழைய பார்வை தொலைந்துபோய்விடவில்லை. பக்கத்திலேயே சாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. கேட்டுப் பார்த்தால் சொல்லிவிடும்.

சாப்பிடாமல் எழுந்து குடோனுக்கு வந்தார். மேஜையில் தாள்கள் காலையில் போட்டபடியே கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார்.

ஒண்ணு.

தாளை மாற்றவில்லை, யாரும் எதையும் சொருகவில்லை. அவர் பார்த்து அனுமதித்த தாள்தான் அது. இரண்டு வெள்ளை அன்றைக்கும் இரண்டாகத்தான் இருந்திருக்கிறது. புரை இரண்டின் மேலும் ஒரே மஞ்சளைப் பூசி ஒன்றாக்கிக் காட்டியிருக்கிறது. மச்சினனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அவருக்கு வேறொரு குறுகுறுப்பு தொற்றிக்கொண்டது. போன மாதம் மட்டும்தானா?

சுவரோரம் ஒரு நீள அலமாரி. அவர் கண் பார்த்து அனுப்பிய தாளில் அச்சான புத்தகங்களை அச்சகக்காரர்கள் ஒரு பிரதி கொடுப்பது வழக்கம். எல்லாம் முதுகைக் காட்டி நின்றன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் தெரியும்படி திருப்பி வைத்தார். போன வருஷத்துப் பாடநூல்: நடுவில் பட்டை. அதற்கு முந்தைய மருத்துவப் புத்தகம்: இரண்டு பட்டை. சட்டப் புத்தகம் ஒன்று அடுக்கு கேக் மாதிரி இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. துப்பறிகிறவனின் ஆசையோடு பின்னால் பின்னால் போனார். ஐந்தாறு வருஷம் பின்னால் போனதும் பட்டைகள் மெலிந்தன. இன்னும் கொஞ்சம் பின்னால், ஒரு கணக்குப் புத்தகத்தில், இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிழல். அதற்கு முன்னால் எல்லாம் சுத்தமான ஒரே வெள்ளை. தன் கண்ணில் புரை விழுந்த சரித்திரத்தை அலமாரி வரிசையாக நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சினன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பட்டையெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுதா, மாப்ளே?"

"தெரியுது."

"எப்போலேர்ந்து?"

"எப்பவுமே தெரியும்."

"சொல்றதுக்கென்ன? வாயில என்ன வெச்சிருந்தே?"

"நீங்க ஒண்ணுன்னு சொல்லிட்டீங்க. அப்போ அது ஒண்ணுதான். எனக்குத்தான் இன்னும் கண்ணு பழகலன்னு நெனச்சேன்" என்றான் மச்சினன். கொஞ்சம் தயங்கி, "சில சமயம் ரெண்டாத் தெரியறத ஒண்ணாப் பாக்கக் கண்ணைச் சுருக்கிப் பழகினேன். இப்பக்கூட அப்படிப் பாத்தா ஓரளவு வரும்" என்று செய்து காட்டினான்.

வெளியே லாரி வந்து நின்றது. அச்சகத்தம்மா லாரிக்கு முன்னால் தன் வண்டியில் வந்திறங்கினார். "வெள்ளைக்காரரே, கண்ணு எப்படி? ஏத்தச் சொல்லவா? மெஷினை நிறுத்தி வெச்சுட்டு வந்திருக்கேன்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நின்றார்.

ஒண்ணு என்று சொன்னால் போதும். மலை கட்டுகளை ஏற்றும், அகராதி அச்சாகும், ஓரத்தில் விழும் பட்டையை யாராவது பார்த்தாலும் தங்கள் கண்ணைத்தான் சந்தேகப்படுவார்கள். ரெண்டு என்றால், அந்த ஒரு சொல்லோடு வெள்ளைக்காரர் என்ற பெயரும் இறங்கிவிடும். மச்சினன் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் எழுந்து மேஜைக்கு வந்தார். கண்ணை மூடவில்லை. "அம்மா, நீங்க பாருங்க" என்றார்.

"நான் எதுக்கு? நீங்கதான் பாத்தாச்சே."

"ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்க."

அச்சகத்தம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. வழக்கமாக அந்த மௌனம் அவருடையது. அதை வெளியே நின்று கேட்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ரெண்டாத்தான் தெரியுது" என்றார் அச்சகத்தம்மா, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"ரெண்டுதான்" என்றார் அவர். "போன மாசம் நான் சொன்னது தப்பு. மாப்ள நான் பாத்த தாளைத்தான் வெச்சிருந்தான். அலமாரியில இருக்கற புத்தகத்தையும் பாருங்க. பாதிக்கு மேல தப்பு."

அச்சகத்தம்மா அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும். பைண்டிங் செக்‌ஷன்ல ஒரு பொண்ணு அப்பவே சொல்லுச்சு, பட்டை விழுதுன்னு. வெள்ளைக்காரர் பாத்த தாளுல உனக்கு என்னடி பட்டைன்னு திட்டி அனுப்பினேன்" என்றவர், பக்கத்திலிருந்த கட்டின்மேல் உட்கார்ந்தார். "சரி. பாதி அகராதி அச்சாகிக் கிடக்கு. அதுக்கு வழி சொல்லுங்க."

"ரெண்டு பாகமாப் போடுங்க. அச்சானது முதல் பாகம். இந்த லாட்டு ரெண்டாம் பாகம். ஒரு புத்தகத்துக்குள்ள ஒரே வெள்ளை."

"தூக்கிப் படிக்கறவனுக்கும் கை வலிக்காது. பதிப்பாளரைக் கேக்கணும். ஒத்துக்கிட்டா உங்களுக்கு அதிர்ஷ்டம், இல்லன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கலாம்." போனை எடுத்துக்கொண்டு சிக்னலைத் தேடி வெளியே போனார்.

அவர் மச்சினன் பக்கம் திரும்பினார். "காலையில நான் சொன்னது..." என்று ஆரம்பித்து நின்றார். மலை பக்கத்திலேயே இருந்தது. காலையிலும் மலை இருந்தது என்று நினைத்துக்கொண்டார். "காலையில சொன்னது தப்பு, மாப்ளே."

மச்சினன் உடனே இளகிவிடவில்லை. "எந்தக் கண்ணால சொல்றீங்க?"

"ரெண்டாலயும்."

மச்சினன் மூக்கால் சிரித்தான். சரியாகப் போய்விட்டதா என்று சொல்ல முடியாத சிரிப்பு. ஆனால் புறப்பட்டுப் போகிறவனின் சிரிப்பு இல்லை. மேஜைக்கு வந்து அடுத்த ஆர்டருக்கான தாள்களை எடுத்துப் பரப்பினான். "இனிமே எப்படி? நான் முதல்ல சொல்லணுமா, நீங்களா?"

"நீ. அப்புறம் மலை. நான் கடைசி."

"நானா?" என்றார் மலை. இத்தனை வருஷம் தூக்கிய தாளை முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். மச்சினன் "ஒண்ணு" என்றான். மலை அவசரப்படவில்லை. தாளின் ஒரு மூலையைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"எனக்கு இதுல மூணு மாதிரி தெரியுதே."

"இருக்கறதே ரெண்டு தாளுய்யா" என்றான் மச்சினன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க, காட்டு" என்று இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தார்.